18 வருஷமாக மாட்டுக்கொட்டகையில் நின்ற புல்லட்: எங்கிருந்து கையை வைப்பது?

#1 வைக்கோற்போர்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் புல்லட் 350, 1974 மாடல். 2007-இல் அவர் போன பிறகு திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர் வீட்டில், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாய்த்து வைத்ததுதான். அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் வைக்கோல். போன வாரம் குட்டி யானையில் ஏற்றி தஞ்சாவூர் கொண்டுவந்துவிட்டேன்.

நிலவரம்: கிக்கர் இறங்கவே இல்லை, கல் மாதிரி நிற்கிறது. சீட்டை எலி தின்றுவிட்டது. சைலன்சர் வாய் முழுக்கக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. டேங்கைத் திறந்தால் பழைய வார்னிஷ் நாற்றம், உள்ளே ஒரே துரு. வெளியே மட்டும் ஈரத்துணியால் துடைத்தபோது கறுப்பில் அந்தத் தங்கக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

என் திட்டம் இது. வரும் ஞாயிறு நண்பனும் நானுமாக மொத்தத்தையும் கழற்றிவிடுகிறோம். ஃபிரேமை சாண்ட் பிளாஸ்ட் செய்து பவுடர் கோட்டிங், மட்கார்டும் டேங்கும் புது பெயிண்ட், ரிம்முக்கும் சைலன்சருக்கும் குரோம். கடைசியாக இன்ஜின். இதுவரை ஸ்பிளெண்டர் தவிர எதையும் கழற்றிய அனுபவம் இல்லை. திட்டம் சரியா?

#2 பாயிண்ட்கேப்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போங்கள். வண்டியைத் தொடாதீர்கள்.

கிண்டல் இல்லை. நீங்கள் சொன்ன வரிசை அப்படியே தலைகீழ். முதலில் இன்ஜின் ஓட வேண்டும். பிறகு பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பிய பிறகுதான் பெயிண்ட் பற்றிப் பேச்சே. பெயிண்டில் ஆரம்பித்தவர்களின் வண்டி எல்லாம் இன்றைக்கும் சாக்கு மூட்டையில்தான் இருக்கிறது.

#3 பழையஇரும்பு

சாக்கு மூட்டை என்றதும் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரே நாளில் கழற்றினேன், நான்கு வருஷம் மூட்டையிலேயே கிடந்தது. மாட்டும்போது கையில் எட்டு போல்ட் மீதி, இரண்டு போல்ட்டைக் காணோம். ஒவ்வொரு நட்டையும் கழற்றிய இடத்திலேயே கையால் திருகி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். செல்போனில் படம் எடுப்பது நல்லதுதான். ஆனால் வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது படத்தில் தெரியாது.

இன்னொன்று. அந்தக் காலத்துப் புல்லட்டில் பாதி நட்டு இங்கிலாந்துக் கணக்கு. உங்கள் மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி பிடித்து, தலையை உருட்டிவிடும். விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும். எடை போட்டுக் கொடுப்பார்கள்.

#4 மாடிவீட்டு மெக்கானிக்

சகோ, தங்கக் கோடு தெரிகிறது என்றீர்களே, அந்த டேங்க் படத்தைப் போடுங்கள். பெயிண்ட் கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையில் அந்தக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டவில்லை, பிரஷ்ஷைப் பிடித்துக் கையால் இழுத்தார்கள். உற்றுப் பார்த்தால் ஆரம்பிக்கிற இடமும் முடிகிற இடமும் லேசாகத் தடித்திருக்கும். இன்றைக்கு ஐயாயிரம் கொடுத்தாலும் அதே கோடு திரும்ப வராது, வேறு கோடுதான் வரும்.

#5 வைக்கோற்போர்

அக்கா, படம் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வலது பக்கக் கோடு முழங்கால் படும் இடத்தில் தேய்ந்தே போயிருக்கிறது. அப்பாவின் முழங்கால்.

சரி, பெயிண்ட் இப்போதைக்கு இல்லை. கிக்கர்?

#6 பாயிண்ட்கேப்

கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். குதித்தால் பிஸ்டன் அசையாது, கியர் பெட்டிக்குள் கிக்கர் பல்தான் உடையும்.

முதலில் எது பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். நியூட்ரலில் பின் சக்கரம் சுற்றுகிறதா? சுற்றினால் சிக்கல் இன்ஜினில். பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு டம்ளர் ஊற்றி, துணியால் அடைத்துவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ஐந்து நாள் அப்படியே விடுங்கள். குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும், மீதி தானாக வரும்.

அதற்குள் இன்ஜின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட் இரண்டையும் திறந்து பழைய ஆயிலை வடித்துவிடுங்கள். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது, இன்ஜின் வார்ப்பிலேயே பின்பக்கம் இருக்கும். வருஷக்கணக்கில் நின்றால் ஆயில் அங்கிருந்து மெல்ல இறங்கி கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) பக்கம் நிறைந்துவிடும். மேலே அளவுகோலில் ஆயிலே இல்லை என்று காட்டும், நீங்கள் இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவீர்கள், ஸ்டார்ட் ஆனதும் அத்தனையும் மூச்சுக்குழாய் வழியே தரையில்.

#7 ஒத்தசிலிண்டர்

டேங்க் துருவுக்கு ஆசிட் ஊற்றுங்கள், அரை மணி நேரத்தில் பளபள. பாத்ரூம் கழுவுவதே போதும். நான் மூன்று டேங்க் செய்திருக்கிறேன்.

#8 மாடிவீட்டு மெக்கானிக்

மூன்றில் எத்தனை இப்போது ஒழுகுகிறது? ஆசிட் துருவையும் தின்னும், தகரத்தையும் தின்னும். வழிந்து வெளியே ஒரு சொட்டு விழுந்தால் அந்தக் கோடு அங்கேயே முடிந்தது.

நான் மதுரையில் இரண்டாவது மாடி பால்கனியில் செய்யும் முறை இது. பெட்ரோல் காக்கைக் கழற்றி, அந்த ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடைக்கவும். டேங்க் நிறையத் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் கணக்கில் சலவை சோடா. மூடி வழியாக ஒரு இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிடவும். கம்பி டேங்க் உடம்பில் எங்கேயும் படக்கூடாது, பழைய டியூப்பை வெட்டிச் சுற்றினால் போதும். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாறிவிட்டால் டேங்க்தான் கரையும், ஆகவே இரண்டு தடவை பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் கம்பியைச் சுற்றியும் டேங்கின் உள்சுவரிலும் சின்னச் சின்னக் குமிழி வரும். காலையில் பார்த்தால் மேலே காபி நுரை மாதிரி துரு மிதக்கும். கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி போடவும். இரண்டு மூன்று ராத்திரி.

டேங்க் சுவரில் வரும் குமிழி ஹைட்ரஜன். வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். சார்ஜரை அணைத்த பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும், பொறி பறந்தால் வெடிக்கும். எவர்சில்வர் கம்பி போடவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் தண்ணீரில் இறங்கி விஷமாகும். கட்டுமானக் கம்பித் துண்டு போதும், எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

#9 ஒத்தசிலிண்டர்

ஒன்று ஒழுகுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

#10 வைக்கோற்போர்

ஏழாம் நாள். அசைந்துவிட்டது! சத்தம்கூட வரவில்லை. சக்கரம் திடீரென்று லேசாகி, நான் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஹெட்டும் சிலிண்டரும் கழற்றியாயிற்று. ரிங் நின்ற இடத்தில் சிலிண்டரைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி துருக்கோடு, நகத்தால் தடவினால் தட்டுகிறது. பிஸ்டனில் மேல் ரிங் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. பிஸ்டனைத் தாங்கும் கான்ராடைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் நன்றாக ஆடுகிறது. அது கெட்டதா?

#11 பாயிண்ட்கேப்

பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கிராங்கை மேல் முனைக்குக் கொண்டுவந்து, ராடை இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே இழுத்து, கீழே அழுத்துங்கள். ‘டக்’ என்று துளி உணர்ந்தாலும் பிக் எண்ட், அதாவது ராடு கிராங்கோடு சேரும் இடம், போய்விட்டது. இந்த மாடலில் அங்கே ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் என்ற உலோக வளையம்தான். ஆயில் ஓட்டத்தை மட்டும் நம்பி வாழ்கிற சாமான். ஆயில் இல்லாமல் இரண்டு நிமிஷம் ஓடினால் அவ்வளவுதான்.

நகம் தட்டினால் சிலிண்டருக்கு போர் போட்டே, அதாவது உள்துளையைக் கடைந்து பெரிதாக்கியே ஆக வேண்டும். முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி லேத் பட்டறைக்காரர் கையில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற மாதிரிதான் அவர் சிலிண்டரைக் கடைய வேண்டும். அசல் அளவு 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். ஏற்கெனவே எத்தனை தடவை கடைந்திருக்கிறார்கள் என்பது பிஸ்டன் தலையில் பொறித்த எண்ணில் தெரியும்.

#12 வைக்கோற்போர்

டக் இருக்கிறது. பிஸ்டனில் எண் எதுவும் இல்லை, அப்படியானால் 1974-க்குப் பிறகு யாரும் திறக்கவில்லை போல. கிராங்கை வெளியே எடுக்க வேண்டும், அப்படித்தானே? இன்று ராத்திரியே டைமிங் கவரைத் திறக்கிறேன்.

#13 பழையஇரும்பு

பொறுங்கள் தம்பி. கவருக்குள் கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் நட்டு இடது மரை. ஆயில் பம்பைச் சுற்றுவது அதுதான். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பார்த்தீர்களா, இல்லையா?

#14 வைக்கோற்போர்

இப்போதுதான் பார்க்கிறேன். ஸ்பேனரில் மூன்றடிக் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கினோம். கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். கழலவில்லை, வார்ம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. மரை கழன்றது வண்டிக்கா எனக்கா என்று தெரியவில்லை.

#15 பாயிண்ட்கேப்

இந்த நட்டில் தொங்காத ஆள் இங்கே குறைவு. கிராங்க் முனை மரை தப்பித்ததா என்று மட்டும் பாருங்கள். மரை நன்றாக இருந்தால் செலவு சின்னதுதான். புது வார்ம் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். உடைந்ததைக் கையோடு கொண்டுபோய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள், போனில் ‘புல்லட் வார்ம்’ என்று சொல்லி கூரியரில் வரவழைக்காதீர்கள். பிந்தைய மாடல்களுக்கு வேறு.

#16 ஆர்சிபுக்

இரும்பு பற்றி எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும். எல்லோரும் இன்ஜினைப் பேசுகிறீர்கள், வண்டி யார் பெயரில் இருக்கிறது?

#17 வைக்கோற்போர்

அப்பா பெயரில். ஆர்சி புக் இருக்கிறது, பழைய மூன்றெழுத்து நம்பர். கடைசியாகப் புதுப்பித்தது 2004. இப்போது 50 வயது தாண்டிவிட்டதே, விண்டேஜ் என்று பதிவு செய்துவிடலாமா? அதில் ஒரு கெத்து இருக்கிறதே.

#18 ஆர்சிபுக்

கெத்துக்கு 20,000 ரூபாய். 2021 ஜூலையில் வந்த மத்திய விதி அது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அசல் நிலையிலிருந்து பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் ‘விஏ’ என்று எழுத்து வரும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். பெரியகோயில் பக்கம் காபி குடிக்கப் போகலாம் என்று அதில் எழுதவில்லை.

உங்களிடம் உயிரோடு ஒரு ஆர்சி இருக்கிறது. வாரிசு பெயருக்கு மாற்ற 31-ஆம் படிவம், பதிவைப் புதுப்பிக்க 25-ஆம் படிவம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத் தாமதத்துக்குக் கட்டணமும் உண்டு, எவ்வளவு என்று உங்கள் ஆர்டிஓ-விலேயே கேட்டுவிடுங்கள். புதுப்பித்தால் ஐந்து வருஷம். காபியும் குடிக்கலாம்.

முக்கியமாக ஒன்று. பவுடர் கோட்டிங் என்று ஆரம்பத்தில் எழுதினீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியை ஒரு பெயிண்ட் கடைப் பையன் ஆர்வமாகத் தேய்த்ததில் சேசிஸ் நம்பர் பாதி போய்விட்டது. அந்த வண்டி இன்று வீட்டு ஹாலில் அலங்காரமாக நிற்கிறது. ஆய்வாளர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

#19 ஒத்தசிலிண்டர்

6 வோல்ட்டை 12 ஆக்கிவிடுங்கள், ராத்திரி வெளிச்சம் போதாது.

#20 மாடிவீட்டு மெக்கானிக்

ராத்திரி ஓட்டுகிறவர் செய்யலாம். இவர் காபிக்குத்தானே போகிறார். முதலில் இருக்கிற ஒயரை மாற்றட்டும், எலி விட்டுவைத்திருந்தால் ஆச்சரியம். அப்புறம் ரப்பர். பெட்ரோல் ஹோஸ், காக் வாஷர் எல்லாம் புதிதாக, எத்தனால் தாங்குகிறதாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஊறி மாவாகும், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் டேங்க் மறுபடி துருப்பிடிக்கும். பத்து நாளைக்கு மேல் நிறுத்துவதானால் காக்கை மூடிவிட்டு, கார்ப்ரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

கார்ப்ரேட்டர் ஜெட் அடைத்திருந்தால் கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குத்தாதீர்கள். எஃகு இழை பித்தளை ஓட்டையைப் பெரிதாக்கிவிடும், பிறகு ஜென்மத்துக்கும் ஐட்லிங் நிற்காது. பழைய மின்சார ஒயரில் ஒரு செப்பு இழை போதும்.

#21 வைக்கோற்போர்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கிராங்க் லேத் பட்டறையிலிருந்து வர ஆறு வாரம். ‘நாளைக்கு வாங்க’ என்று 11 தடவை சொன்னார், ஆனால் வேலை சுத்தம். புது பின், புது புஷ், 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன். இதுவரை 34,000 ரூபாய், அதில் வார்ம் நட்டுக்கான தண்டச் செலவும் அடக்கம். டேங்க் மூன்று ராத்திரி சோடாவில் இருந்தது, உள்ளே சாம்பல் நிறத் தகரம் தெரிகிறது. அக்காவுக்கு நன்றி. கிளட்ச் பிளேட் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது, பிரித்துத் தேய்த்துப் போட்டேன்.

இன்ஜின் மாட்டியாயிற்று. டேப்பட்டும் டைமிங்கும் மட்டும் பயமாக இருக்கிறது.

#22 பாயிண்ட்கேப்

இந்த இரண்டும்தான் சுகமான வேலை. சாயங்காலம், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

டேப்பட் (வால்வைத் தள்ளும் புஷ் ராடின் இடைவெளி): இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்தில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள். சிலிண்டரின் வலது பக்கச் சின்ன மூடியைத் திறந்தால் புஷ் ராடு இரண்டும் தெரியும். இரண்டு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல்தான் கேஜ். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள், இறுக்கும்போது மாறிவிடும்.

பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்): முழுக்கத் திறந்த நிலையில் 0.35-லிருந்து 0.40 மி.மீ. இடைவெளி.

டைமிங் (பொறி விழும் நேரம்): பிஸ்டன் மேல் முனையைத் தொடுவதற்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். பிளக் ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுக் குறி போட்டு அளக்கலாம். திறக்கிற கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. பாயிண்ட் நடுவில் பீடி சுற்றும் பேப்பர் மாதிரி மெல்லிய தாள் ஒன்றைக் கொடுத்து, லேசாக இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றுங்கள். தாள் நழுவும் இடம்தான் அது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் நூறு தடவையாவது கிக்கர் மிதியுங்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். அங்கே ஆயில் கசியும் வரை பிளக் மாட்டக் கூடாது. கால் வலித்தால் நண்பரைக் கூப்பிடுங்கள், நட்டில் தொங்கிய பாவத்துக்கு.

#23 வைக்கோற்போர்

ஓடுகிறது!!

நூறு மிதியில் ஆயில் வரவில்லை, நூற்றறுபதில் வந்தது. சாவி போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, திரும்ப நடுவுக்கு வருகிறது. அப்பா அந்த முள்ளைப் பார்த்துத்தான் மிதிப்பார், சின்ன வயதில் ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பேன். முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, முழுசாக ஒரு மிதி. ஐந்தாவது மிதியில் பிடித்தது. சைலன்சரிலிருந்து எஞ்சியிருந்த குளவி மண் சுவரில் போய் அடித்தது. சுவர் இப்போது புள்ளி புள்ளியாக இருக்கிறது, வீட்டுக்காரர் பார்க்கவில்லை.

40-ஐத் தாண்டாமல் மெடிக்கல் காலேஜ் ரோடு வரை போய் வந்தேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், இரண்டு தடவை பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தேன். ஒன்று மேலே, மற்ற மூன்றும் கீழே என்பது காலுக்குப் புரிய நாளாகும் போல. பெயிண்ட் அடிக்கவில்லை, சீட் மட்டும் புதிது.

#24 ஆர்சிபுக்

வாழ்த்துகள். சேசிஸ் நம்பர் பிரிண்ட் எடுத்தீர்களா?

#25 வைக்கோற்போர்

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எல்லா எண்ணும் வந்துவிட்டது, கடைசிக்கு முந்தையது மட்டும் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை.

#26 ஒத்தசிலிண்டர்

ஆர்சி புக்கில் என்ன இருக்கிறது?

#27 வைக்கோற்போர்

8.

#28 ஒத்தசிலிண்டர்

அப்படியானால் எட்டுதான்.

#29 ஆர்சிபுக்

இவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆய்வாளர் முன்னால் நிற்கும்போது ‘எட்டுதான் சார்’ என்று சொல்ல முடியாது. தின்னரில் துணியை நனைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் துடையுங்கள், பல்துலக்கும் பிரஷ்ஷால் குழியில் இருக்கும் அழுக்கை எடுங்கள், உப்புத்தாள் படக்கூடாது. மெல்லிய தாள், மழுங்கிய பென்சில். எட்டு என்றால் இடது பக்கமும் வளைவு விழும்.

#30 வைக்கோற்போர்

விழுந்தது. திங்கட்கிழமை ஆர்டிஓ.